வாக்கியப் பஞ்சாங்கம் கணிக்கும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களுக்கு வணக்கம்.

போன வருடம் எங்கள் அப்பாவுக்கு இரண்டு நாள் திதி நடந்தது. அண்ணன் வீட்டில் மனப்பாட வாக்கியங்களை வைத்துப் பழைய முறையில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம், எங்கள் வீட்டில் வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கில் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கம். அண்ணன் வியாழக்கிழமை கொடுத்தார், நான் வெள்ளிக்கிழமை கொடுத்தேன். அம்மா அங்கே படையலை முடித்துவிட்டு, மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்து இங்கே வந்து, மறுபடியும் வாழைக்காய் நறுக்க உட்கார்ந்தார். காக்கைக்குச் சோறு வைக்கும்போதுதான் வாய் திறந்தார். "அவருக்கு எந்த நாள்னு யாராவது ஒருத்தர் தீர்த்துச் சொல்லக் கூடாதா?"

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன்.

எங்கள் குடும்பப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "விஞ்ஞானம் வேறு, சாஸ்திரம் வேறு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்று முடித்துவிட்டார். படித்த நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது, சண்டையும் ஓய்ந்துவிடுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஏற்க முடியவில்லை.

திதி என்பது என்ன? சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. அந்தப் பன்னிரண்டாவது பாகையைச் சந்திரன் எத்தனை மணிக்குக் கடக்கிறது என்பது வானத்தில் நடக்கிற காரியம். சாமி கும்பிடுகிறவருக்கும் கும்பிடாதவருக்கும் அது ஒரே நேரத்தில்தான் நடக்கும். சரி, நான் இறைக்கிற எள்ளும் தண்ணீரும் அப்பாவுக்குப் போய்ச் சேருகிறதா? அதை அளக்க எந்த வானியலாளரிடமும் கருவி இல்லை. அங்கே உங்கள் வழிதான் எனக்கு வழி. ஆக, இரண்டு எல்லைகள் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோடு உங்கள் புத்தகத்துக்கு வெளியே ஓடவில்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஓடுகிறது. நாழிகை போட்ட கட்டம் வானத்துக்குச் சொந்தம். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்கிற கட்டம் சாஸ்திரத்துக்குச் சொந்தம்.

வாக்கிய முறையை நான் இளக்காரமாகப் பார்ப்பதாக நினைத்துவிடாதீர்கள். பழங்காலத்து வரருசி அருளியதாகச் சொல்லப்படும், சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லும் 248 சந்திர வாக்கியங்களைப் பற்றி முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் வாக்கியம் 'கீர்ந ச்ரேய'. எழுத்தை எண்ணாக்கி, வலமிருந்து இடமாகப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). முதல் நாள் சந்திரன் நகர்கிற தூரம் அது. பூமியை விட்டு மிகத் தொலைவில் இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, சந்திரன் அதே நிலைக்கு ஒன்பது முறை திரும்பி வர ஏறக்குறைய 248 நாள் ஆகிறது. ஆகவே நாளுக்கு ஒரு வாக்கியம். ஓலையும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம், மனப்பாடம் இருந்தால் போதும். 1825இல் வந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பியே கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதிவைத்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம்தான். முடிவில் 52 நிமிடம்.

அந்த 52 நிமிடத்தில்தான் என் வழக்கே இருக்கிறது. சந்திரனின் ஓட்டத்தில் சூரியன் இழுப்பதால் வரும் சில ஏற்ற இறக்கங்கள் பழைய வாய்பாட்டில் இல்லை. 'பாண விருத்தி, ரஸ க்ஷயம்' என்று நீங்கள் சொல்வீர்கள்: ஒரு திதி 60 நாழிகையிலிருந்து (24 நிமிடம் ஒரு நாழிகை) ஐந்து கூடினால் 65, ஆறு குறைந்தால் 54. வானத்தில் அது ஏறக்குறைய 50 நாழிகை வரை குறைகிறது, 67 வரை கூடுகிறது. சில நாட்களில் இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் நடுவே ஐந்தாறு மணி நேரம் இடிக்கிறது. எங்கள் அப்பாவின் திதி அந்த இடுக்கில்தான் மாட்டிக்கொண்டது.

ரிஷி வாக்கைத் திருத்தலாமா என்று கேட்பீர்கள். கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் நிளா ஆற்றங்கரையில் பல வருடங்கள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கு தவறுகிறது என்று கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற நூலை எழுதினார். அவருக்கு ஆசாரம் தெரியாதா? நம் சென்னையிலேயே சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் இருந்தார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவரும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். அவர் நெற்றியில் நாமமும் இருந்தது, கண்ணருகே தொலைநோக்கியும் இருந்தது.

அப்புறம், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிரகணத்துக்கு மட்டும் வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவும் திருக்கணித நேரத்தைத்தானே போடுகின்றன? ஏனென்றால் அன்றைக்கு ஊரே மொட்டை மாடியில் நின்று பார்க்கிறது. திதியை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்காத நாளிலும் சந்திரன் அங்கேதான் இருக்கிறது ஐயா.

சனிப் பெயர்ச்சியும் இதே கதைதான். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் கும்பத்துக்கு வந்த சனிக்கு, வாக்கியப்படி நடக்கும் திருநள்ளாற்றில் அதே வருடம் டிசம்பர் 20இல்தான் பெயர்ச்சி விழா. கோயில் தன் மரபுப்படி விழா எடுக்கட்டும், அதில் தலையிட நான் யார்? ஆனால் 'இன்று சனி பெயர்கிறார்' என்று அச்சிடும்போது அது வானத்தைப் பற்றிய செய்தி ஆகிவிடுகிறது.

வாக்கியத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அட்டையிலேயே எந்த முறை என்று பெரிய எழுத்தில் போடுங்கள். திதி முடியும் நாழிகைக்குப் பக்கத்தில் திருக்கணித நேரத்தையும் சின்னதாகக் கொடுங்கள். இரண்டும் வேறு நாளில் விழுகிற இடத்தில் ஒரு குறி போட்டு, சிராத்தத்துக்கு எதை எடுக்கலாம் என்று உங்கள் சபையில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு எழுதுங்கள். அந்த முடிவு எதுவானாலும் நான் கட்டுப்படுகிறேன். அண்ணனிடமும் பேசிவிட்டேன், அவரும் சரி என்கிறார்.

அப்பாவின் திதி ஐப்பசியில் வருகிறது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டாவது பஸ்ஸை இனி அவர் பிடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பஞ்சாங்கத்தைச் சின்ன வயதிலிருந்து படித்துவரும் ஒருவன்