மக்களே, இறங்கும் முன் கடலைப் பார்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பின வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அம்மா முதல் தடவை பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள், கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடியும் போடச் சொன்னாள். சென்னைப் பக்கத்துக் கோவளம் கடலில் நீ அலைச்சறுக்குப் பலகை மேல் குப்புறக் கிடக்கிறாய், சொல்லிக்கொடுக்கிறவர் பின்னாலிருந்து தள்ளுகிறார், நீ எழுந்து இரண்டு நொடி நிற்கிறாய், அவ்வளவுதான், தண்ணீருக்குள் போய்விடுகிறாய். அந்த இரண்டு நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலது காலை முன்னால் வைத்து நிற்கிறாய். பாட்டா கட்டுமரத்தில் அப்படித்தான் நிற்பார். நானும் உன் அண்ணனும் இடது காலை முன்னால் வைக்கிறவர்கள். பாட்டா கட்டுமரத்தில் நின்று நீ பார்த்ததே கிடையாது, அவருடைய நிற்பு உனக்கு எப்படி வந்தது மக்களே!

அப்புறம் போனில் நீ சொன்னாயே, "அப்பா திட்டுவீங்கன்னுதான் மூணு வாரமா சொல்லல" என்று. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நீ சொன்னதில் தப்பு இல்லை, நான் அப்படித்தான் வைத்திருந்தேன் உன்னை.

உனக்கு ஒன்பது வயது இருக்கும். கரையில் பையன்கள் மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியை நெஞ்சுக்கு அடியில் வைத்து அலையில் வழுக்கி வருவார்கள், நீயும் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு முட்டளவு தண்ணீரில் இறங்கிவிட்டாய். நான் ஓடிவந்து அதைப் பிடுங்கி, உன் கண் முன்னாலேயே முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தேன். வெள்ளை வெள்ளையாக அந்தப் பொடி உன் பாவாடையில் ஒட்டியிருந்தது. நீ அழவில்லை, தட்டிவிட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தாய். சுனாமியைப் பார்த்தவன், பயந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். 2004 டிசம்பர் 26 காலையில் மூன்று வயதுப் பிள்ளையான உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினவன் நான், அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் அண்ணனும் அன்றைக்கு அதே மேட்டில்தானே நின்றான்? இரண்டே வருஷத்தில் அவன் மறுபடியும் கடலில் கிடந்தான், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண் பிள்ளை நனைந்த துணியோடு கரையேறினால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தேன், அதுதான் உண்மை. மாமல்லபுரத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளை கமலி மூர்த்தி சின்ன வயதிலேயே பலகையில் ஏறி, இந்தியாவுக்காகப் போட்டியில் இறங்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் வீடியோவைப் பார்க்கிறபோதெல்லாம் நான் உடைத்த மூடிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அதனால் போகாதே என்று சொல்ல மாட்டேன். போ. அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்ததை உனக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டேன், அதை இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போனதும் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்காதே. கால் மணி நேரம் கரையில் நின்று கடலைப் பார். அலை ஒரே மாதிரி வந்துகொண்டிருக்காது, பெரியது நாலைந்து சேர்ந்து வரும், அப்புறம் கடல் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். நாங்கள் மரத்தில் வந்து கரை பிடிக்கும்போது அலை உடைகிற இடத்துக்கு வெளியே நின்றுகொண்டு இதைத்தான் பார்ப்போம். பெரிய அலைகளை விட்டுவிட்டு, கடைசி அலையின் முதுகில் துடுப்பு போட்டு, மரத்தின் முன்முனையான அணியத்தை நேராகப் பிடித்து வருவோம். கொஞ்சம் சரிந்தாலும் மரம் புரண்டுவிடும், புரண்ட மரம் ஆளை அடிக்கும். உன் பலகையும் அப்படித்தான். அலைக்கும் உனக்கும் நடுவில் அதை வைக்காதே, அலை அதைத் தூக்கி உன் முகத்திலேயே அடிக்கும். உள்ளே நடந்து போகும்போது பலகை உன் பக்கவாட்டில் இருக்கட்டும், அதன் மூக்கு கடலைப் பார்த்து இருக்கட்டும்.

இடையில் ஒரு இடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் நல்ல இடம் என்று நினைப்பார்கள். அங்கேதான் தண்ணீர் திரும்பக் கடலுக்குள் போகிறது. நம் ஊர்ப் பக்கம் கடலுக்குள் கல் போட்டுக் கட்டின தூண்டில் வளைவுகளில் கல்லை ஒட்டியே இந்த இழுப்பு இருக்கும், அதனால்தான் அங்கே பிள்ளைகள் குளித்தால் சத்தம் போடுவோம். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதே, எவ்வளவு நீச்சல் தெரிந்தவனும் அதில் களைத்துப் போவான். பலகையை விடாதே, அது மிதக்கும். கரைக்கு இணையாக ஒரு பக்கமாகக் கை போட்டுப் போ, இழுப்பு விட்டதும் அலையோடு வா. முடியவில்லை என்றால் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு மிதந்துகிட. இதை நாளைக்கே உன் கோச்சிடம் கேட்டுப் பழகிப் பார்.

அப்புறம் கள்ளக்கடல். அந்தச் சொல்லை நீ சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்பாய். நம் கரையில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், ஆனால் எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்காக ஓடிவந்து இங்கே ஏறும். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனது அப்படித்தான். உன் வயதுப் பிள்ளைகள் மக்களே. அன்றைக்கும் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம்தான் அந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது, போனிலேயே பார்க்கலாம். கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் முந்தின ராத்திரி அதைப் பார்த்துவிட்டுத் தூங்கு. நான் பார்த்து உனக்கு வாட்ஸ்அப்பிலும் போடுகிறேன், நீயும் பார்.

இனி வீடியோவுக்கு வருகிறேன். எழும்போது நீ உன் காலைப் பார்க்கிறாய். தலை குனிந்தால் உடம்பும் பின்னாலேயே போகும். கண் கரையில் ஒரு தென்னையையோ ஒரு வீட்டையோ பிடித்துக்கொள்ளட்டும். கையைப் பலகையின் ஓரத்தில் பிடிக்கிறாய், அதனால்தான் அது ஒரு பக்கம் சாய்கிறது, நெஞ்சுக்கு நேராக உள்ளங்கையை ஊன்று. முழங்காலை இன்னும் மடக்கு. விழுவது தப்பே இல்லை, விழுகிற விதம்தான் முக்கியம். இடுப்பளவு தண்ணீரில் தலை கீழாகச் சாடிவிடாதே, மணலில் கழுத்து குத்தும், தட்டையாகப் பக்கவாட்டில் விழு. காலில் கட்டின கயிறு இழுபட்டுப் பலகை திரும்பி வரும், அதனால் மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு வா. உனக்குக் கயிறு பின்காலில், இடது காலில், கட்டியிருந்தது, அது சரி. ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் முன் ஒரு இழுப்பு இழுத்துப் பார்.

நுரைத் தண்ணீரிலேயே இன்னும் ஒரு மாசம் கிட, அவசரம் வேண்டாம். கூடப் படிக்கிறவர்கள் உள்ளே போய்விட்டார்கள் என்று நீயும் போகாதே. ஐப்பசி பிறந்ததும் அந்தப் பக்கம் கடல் கலங்கிவிடும், அப்போது கோச் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கோவளத்தில் முதலில் இதைத் தொடங்கி வைத்த மூர்த்தி மேகவனும் நம்மைப் போல மீனவர்தான், அந்த ஊர் ஆட்களுக்கு அவர்கள் கடல் தெரியும், அவர்கள் பேச்சைக் கேள்.

அம்மா கேட்கச் சொன்னாள்: வெயிலில் முகம் கறுத்திருக்கிறதே, ஏதாவது பூசுகிறாயா? கடலில் கிடந்துவிட்டு வந்து பசியோடு படுத்துவிடாதே என்றாள். நெத்திலிக் கருவாடும் மரச்சீனி வற்றலும் பார்சல் போட்டிருக்கிறாள், புதன்கிழமை வந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது நாலு நாள் கூடுதலாக லீவு போடு. டிசம்பரில் நம் பக்கம் கடல் அடங்கியிருக்கும், காலையில் கரைக்காற்று கடலைத் தடவிவிட்ட மாதிரி வைத்திருக்கும். வாடகைக்குப் பலகை கிடைக்குமா என்று அண்ணன் விசாரித்துக்கொண்டிருக்கிறான், கிடைக்காவிட்டால் நம் பையன்களிடம் ஏதாவது இருக்கும். கடல்காற்று எழும்புவதற்கு முன்னால், ஆறு மணிக்கு இறங்குவோம். கோவளத்தில் அவர் உன்னைத் தள்ளிவிடுகிற மாதிரி நான் பின்னால் நின்று தள்ளுகிறேன். அம்மாவும் வருவாள், கேட்டுவிட்டேன்.

அப்பா