‘கட்டிக்கொண்டு அழாமல்’ என்ற ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தம்முடைய தரவுத்தளம் திறந்தவுடனே தானாக மூடிக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்று பதில் சொன்ன தங்கள் கட்டுரையாளர், கடைசி வரியில் “பழைய கோப்பைக் கட்டிக்கொண்டு அழாமல் புதிதாகத் தொடங்குங்கள்” என்று முடித்திருந்தார். அதைப் படித்ததும் இதழை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

நான் அப்படி அழுதவள், ஐயா. எதற்காக என்று சொல்லிவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில், எங்கள் தமிழ்ச் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. அதில் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அமைத்த ஒரே கோப்பில், இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் முன்னோர் விவரம் இருக்கிறது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள். பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து பாதிக்கு மேல் நானே தட்டச்சு செய்தேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே வந்து சேர்ந்ததையும், 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்ததையும் தாங்கள் அறிவீர்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்ததுதான் பெயர். முனுசாமி ஒரு கப்பலில் மூன்சாமி, இன்னொன்றில் மூனியசாமி. கவுண்டர் கோவெண்டர் ஆனார். எந்த எழுத்தில் தேடினாலும் ஆள் கிடைக்கும்படி ஒரு தேடல் படிவம் வேண்டியிருந்தது, அதனால்தான் தரவுத்தளம்.

கப்பல் பட்டியலை ஆவணக் காப்பகத்தில் மறுபடி பார்த்து எழுதிக்கொள்ளலாம். எங்கள் கோப்பின் கடைசிக் கட்டத்தில் ‘குறிப்பு’ என்று ஒன்று உண்டு. அது எந்தக் காப்பகத்திலும் இல்லை. கரும்புத் தோட்டத்தில் யார் யாரோடு ஒரே கொட்டடியில் இருந்தார்கள், எந்தக் குழந்தை எந்தக் காய்ச்சலில் போயிற்று, ஊரில் விட்டுவந்த தங்கையின் பெயர் என்ன என்று பாட்டிமார் சொல்லச் சொல்ல எழுதியது அது. சொன்னவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. கையெழுத்து நோட்டுகள் இருந்த பெட்டி 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டது. புதிதாகத் தொடங்குங்கள் என்கிறார் கட்டுரையாளர். யாரைக் கேட்டுத் தொடங்குவது?

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, நான் ஒரு குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. மின்வெட்டு எங்களுக்குப் புதிதல்ல. 2023இல் ஒரு நாளுக்கு இரண்டு மூன்று முறை போகும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நின்றுபோனால் இந்த வகைக் கோப்பு பழுதாகக் கூடும் என்பது இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். யுபிஎஸ் வாங்கச் சங்கத்தில் மூன்று கூட்டங்களில் கேட்டேன், பந்தல் செலவுக்குத்தான் முதலிடம் கிடைத்தது. அடுத்த வாரம் ஸ்டாங்கரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தை மாதம் தமிழ்நாடு போகிறார்கள், கொள்ளுப்பாட்டியின் கிராமம் தெரிய வேண்டும். அந்த வீட்டுப் பெரியம்மா பென்சிலால் எண் எழுதிய சிறு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் கோப்பைச் சொடுக்கினேன். வட்டம் இரண்டு சுற்று சுற்றியது, தேடல் படிவத்தின் மஞ்சள் ஓரம் தெரிந்தது, மறுகணம் எல்லாம் மறைந்து வெறும் திரை. பதினொரு முறை அப்படி. பெரியம்மா “பரவாயில்லை கண்ணு” என்று சொல்லி, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

பழுது பார்க்க வந்த பையன், தங்கள் கட்டுரையாளர் சொன்னதைத்தான் செய்தான். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினான். பழுது கோப்பில் இருக்கும்போது மென்பொருளை மாற்றி என்ன பயன்? இந்த மென்பொருளில் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகை உண்டு. எங்கள் பழையது 32-பிட். புதிதாக நிறுவியது, கேட்காமலே 64-பிட்டாக வந்து உட்கார்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய எங்கள் நிரல் வரிகளை அது ஏற்கவில்லை, 64-பிட்டுக்கு ஏற்ப நிரலைத் திருத்து என்று ஒரு செய்தியைக் காட்டி நின்றது. ஒரு நோய்க்கு இரண்டு நோய். அடுத்து வன்தட்டையே அழித்துவிடலாம் என்றான். கணினியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு அவனை அனுப்பிவைத்தேன்.

பிறகு நடந்ததைக் கட்டுரையாளர் தம்பி கவனமாகப் படிக்க வேண்டும். டர்பனில் வேலை பார்க்கும் என் மருமகள் வந்தாள். முதலில் கோப்பைப் பென் டிரைவில் நகல் எடுத்தாள். அசல் பக்கம் போகவே இல்லை. 32-பிட் பதிப்பைத் திரும்ப நிறுவி, கோப்பில்லாமல் மென்பொருளை மட்டும் திறந்தாள்; அது நன்றாகத் திறந்தது, ஆகவே குறை கோப்பில். யாரும் திறந்திருக்காத நேரத்திலும் பக்கத்திலேயே ஒரு பூட்டுக் கோப்பு, அதாவது ‘இது திறந்திருக்கிறது’ என்று காட்டும் சிறு கோப்பு, மிச்சமிருந்தது. மின்சாரம் போனபோது தங்கிப்போனது, அதை அழித்தாள். அப்புறம் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகலைத் திறந்தாள். அப்படிச் செய்தால் தொடக்கத்தில் தானாக ஓடும் படிவமும் கட்டளைகளும் ஓடா. கோப்பு திறந்தது! பட்டியல்கள் எல்லாம் அப்படியே கண் முன்னால் நின்றன. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வரியில்தான் விஷம். நான் அன்று திருத்திய அந்தப் பதிவில், குறிப்புக் கட்டத்தில் தமிழ் இல்லை; சீன எழுத்துப் போல ஏதோ நிறைந்திருந்தது. தேடல் படிவம் திறக்கும்போதெல்லாம் அந்த வரியைத் தொட்டுத்தான் விழுந்திருக்கிறது. கோப்பைச் சுருக்கிப் பழுது பார்க்க ‘காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்’ என்ற வசதி உண்டே என்று கேட்டேன். அது பழுதான இடத்தை வெட்டி எறிந்துவிடவும் கூடும், அதனால் நகலில் மட்டும்தான் என்றாள். அதிலும் சரியாகவில்லை. கடைசியில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் தொடங்கி, படிவங்களையும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். அந்த வரி இருந்த பட்டியலை மட்டும் அதற்கு முன் உள்ளவை, பின் உள்ளவை என்று பிரித்து எடுத்தாள். ஏழாயிரத்தில் ஒன்று போயிற்று. அந்தக் குறிப்பைச் சொன்ன ஆயா அதற்கு முந்தின ஆடியில்தான் காலமானார். அவருடைய அக்காள் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு எந்தத் தோட்டத்துக்கு நடந்தே போனாள் என்பது அதில் இருந்தது. தோட்டத்தின் பெயர் எனக்கு நினைவில்லை.

எழுத உட்கார்ந்தபின் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்கள் இதழுக்கு இருபது ஆண்டுகளாகச் சந்தா கட்டுகிறேன். தபாலில் வாரக்கணக்கில் தாமதமாக வந்தாலும் அட்டை முதல் அட்டை வரை படிக்கிறேன். உலகத் தமிழர் சிறப்பிதழில் எங்களைப் பற்றி ‘தமிழை மறந்த தமிழர்’ என்று தலைப்பிட்டீர்கள். மறுத்து ஒரு கடிதம் எழுதினேன். அதில் பாதியை வெட்டி, ஊர் பெயரை ஜோகன்னஸ்பர்க் என்று போட்டு வெளியிட்டீர்கள். இந்த நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், ஆறாம் பிரிவில், மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரி வெட்டுப்பட்ட பாதியில் போய்விட்டது. நாங்கள் மாலைப் பாடசாலையில், தோட்ட வேலை முடிந்து வந்த பெரியவர்களிடம் எழுத்துக் கற்றவர்கள். எங்கள் பிள்ளைகள் பலர் பேசுவதில்லை, உண்மை. ஆனால் கொள்ளுப்பாட்டியின் ஊரைத் தேடிப் பின்னறைக்கு வருகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம். மறந்தவர்கள் எதற்காகத் தேடி வருகிறார்கள்?

தங்கள் கணினிப் பகுதி சென்னை வாசகரை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. தெரு முனையில் கடை, கூப்பிட்டால் ஆள் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. யாங்கோனிலும் மொரீஷியஸிலும் கோயில் வரவு செலவையும் உறுப்பினர் பட்டியலையும் பழைய கணினியில் வைத்துக்கொண்டு, தங்கள் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டி வைக்கும் செயலாளர்கள் இருப்பார்கள். கட்டுரையாளரின் அந்தக் கடைசி வரியை நம்பி ஒருவர் கோப்பை அழித்தால், அது திரும்ப வராது. எனக்கு மருமகள் இருந்தாள். எல்லாருக்கும் இருப்பாளா?

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழின் கணினிப் பகுதியில், “எதையும் நீக்குவதற்கு முன் கோப்பை நகல் எடுங்கள், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு நகலைத் திறந்து பாருங்கள்” என்று ஒரே ஒரு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதை வெட்டினாலும் நான் வருத்தப்பட மாட்டேன். ஊர் பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
டொங்காட், தென்னாப்பிரிக்கா