கபடி கோச்சுகளுக்கும் பி.இ.டி. சார்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் அண்ணே,

நான் ஸ்கூல் டீம்லயும் காலேஜ் டீம்லயும் ரைடு போனவன், இப்போ எங்க ஊர்ல சாயங்காலம் பசங்களுக்கு பிராக்டிஸ் குடுக்குறேன். மனசுல கெடக்குறத உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல?

போன மாசம் ப்ளஸ் ஒன் பையன் ஒருத்தன், ஓரத்துல நின்னு ரைடர புடிக்கிறதுல அருமையான கார்னர், எடைப் பிரிவு வச்சி ஆடுற வெயிட் மேட்ச்சுக்கு ரெண்டு கிலோ கொறைக்கணும்னு சோறு தின்னாம உதட்டுக்குள்ள கூல் லிப்ங்குற புகையிலைப் பொட்டலத்த வச்சிட்டு திரியுறான். கேட்டா "இத வச்சா பசிக்காதுண்ணே, சீனியர் சொன்னாரு"ங்குறான். நிக்கோட்டின் பசிய அமுக்கும், உண்மை தான், ஆனா ரத்தக்குழாய சுருக்கி நாடித்துடிப்ப ஏத்திவிடும், வெறும் வயித்தோட அந்த ஒடம்ப வச்சிக்கிட்டு முப்பது செகண்டு மூச்சு விடாம எப்படி பாடுவான்? ஸ்கூல்லேந்து 100 கஜத்துக்குள்ள புகையிலை விக்கக்கூடாதுன்னு 2003லயே சட்டம் வந்துருச்சு, குட்காவுக்கு நம்ம மாநிலத்துல 2013லேந்து தடை, ஆனாலும் பையன் பாக்கெட்ல இருக்கு.

கடைக்காரன மட்டும் திட்ட எனக்கு வாய் வரல அண்ணே. ராத்திரி டோர்னமெண்ட்ல கப்பு ஜெயிச்சா பிரைஸ் மணில முதல்ல வாங்குறது சரக்கு தானே? 21 வயசு ஆகாதவனுக்கு விக்கவே கூடாதத நம்ம கையால ஊத்திக் குடுக்குறோம். எனக்கு 17 வயசுல டீம் அண்ணன் தான் ஊத்துனாரு, வேணாம்னா அடுத்த மேட்ச்சுக்கு கூப்பிட மாட்டாங்களோன்னு பயந்துட்டு தான் குடிச்சேன். நாலு மேட்ச் ஆடி அடிபட்ட தசை தேறுற நேரமே அந்த ராத்திரி தான், அப்போ குடிச்சா தண்ணி வத்தி, தூக்கம் கெட்டு, மறுநாள் முட்டியும் தோளும் சொன்ன பேச்சு கேக்காது.

கஞ்சா விஷயம் இன்னும் வலிக்குது. எனக்குத் தெரிஞ்ச பையன், மேட்ச்சுக்கு முன்னாடி பதட்டம் போகுதுன்னு ஆரம்பிச்சவன், மாட்டுன அன்னைக்கு ராத்திரியே ஹாஸ்டல்லேந்து பெட்டியோட வெளிய அனுப்பிட்டாங்க. அவனுக்கு இருந்த ஒரே நல்ல பழக்கம் கபடி, அதையும் புடுங்குனதுக்கப்புறம் மிச்சம் கஞ்சா மட்டும் தான்.

2021ல அமெரிக்காவுல ஷாகேரி ரிச்சர்ட்சன் 100 மீட்டர் தகுதிப் போட்டில ஜெயிச்சிட்டு கஞ்சா டெஸ்ட்ல மாட்டுனாங்க, டோக்கியோ ஒலிம்பிக்ல அந்த ஓட்டம் போச்சு. ஆனா தண்டனை ஒரு மாசம் தான், கவுன்சிலிங் முடிச்சதும் அதுக்கு ஒரு காரணம். அவங்களே 2023ல உலக சாம்பியன். நம்ம நாட்டு போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ பிரிவு இருக்கு சார், சின்ன அளவுல மாட்டுனவன் தானா சிகிச்சைக்கு வந்தா வழக்குலேந்து விலக்கு கெடைக்கும். சட்டம் குடுக்குற வாய்ப்ப ஒரு பி.இ.டி. சார் குடுக்கக்கூடாதா? மேட்ச்ல இறக்காதீங்க, சரி, பிராக்டிசுக்கு வரச்சொல்லுங்க, போதை மீட்பு உதவி எண் 14446க்கு, அவன் பக்கத்துல உக்காந்து நீங்களே போன் போட்டுக் குடுங்க.

வர்ற பொங்கலுக்கு எங்க ஊர் டோர்னமெண்ட்ல பிரைஸ் மணிய வீட்டுப் பெரியவங்க கைல தான் குடுக்கப்போறோம். மேட்ச் முடிஞ்சதும் எல்லா டீமுக்கும் சுடச்சுட சோறும் கறிக்கொழம்பும், அப்புறம் வேன் வச்சி பசங்கள வீட்டு வாசல்ல விடுறோம். உங்க டீம கூட்டிட்டு வாங்கண்ணே. அந்த கார்னர் பையன் ஆடுறான், இந்த தடவ ஒரு எடைப் பிரிவு மேல போய், வயிறார சாப்பிட்டு.