கேட்க வந்தவரையும் பேச விடுங்கள்

மதிப்பிற்குரிய நல்லிணக்க உரையாடல் நிகழ்ச்சியின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து பேசினால் ஒருவர்மீது ஒருவருக்கு இருக்கும் தப்பெண்ணம் குறையும் என்று நம்பித்தான் இந்த நிகழ்ச்சியை நடத்துகிறீர்கள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அதனால்தான் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

சென்ற முறை உங்கள் அழைப்பை ஏற்று, மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தோழி 'மனிதப் புத்தகமாக', அதாவது தன் வாழ்க்கையைப் பற்றி வருபவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்பவராக, வந்தார். நானும் உடன் இருந்தேன். நடந்தது உங்களுக்கே தெரியும். அவர் மட்டும் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் ஒரு கூட்டம் நின்றது. கோபம் வந்தால் அடிப்பீர்களா என்றார் ஒருவர். காதில் குரல் கேட்குமாமே, இப்போதும் கேட்கிறதா என்றார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

என்னால் ஏற்க முடியாதது அதற்கு அப்புறம் நடந்தது. பின்னால் நின்ற ஓர் இளைஞர் வெகுநேரம் தயங்கிவிட்டு, "எங்க அண்ணனுக்கும் இதே நோய்தான். வீட்டுக்கு யாராவது வந்தா அவனை உள் அறையிலேயே இருக்கச் சொல்லிடுவோம்" என்று ஆரம்பித்தார். என் தோழி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, "அப்போ அவர் உள்ளே என்ன பண்ணுவார்?" என்று கேட்டார். அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி அது. இளைஞர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் உங்கள் தன்னார்வலர் குறுக்கே வந்து, "கேள்வி மட்டும் கேளுங்க, சொந்தக் கதை வேண்டாம், நேரமாச்சு" என்று மணியை அடித்துவிட்டார். இளைஞர் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அன்று உரையாடல் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதைத்தான் நிறுத்தினீர்கள்.

இதை மனத்தாங்கலில் மட்டும் சொல்லவில்லை. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகப் போய் சுமார் 10 நிமிடம் பேசியதிலேயே திருநர்மீதான தப்பெண்ணம் குறைந்தது. அந்த மாற்றம் குறைந்தது 3 மாதம் நிலைத்தது. போனவர்கள் பாடம் நடத்தவில்லை. மற்றவர்களிலிருந்து வேறுபட்டிருந்ததற்காக நீங்கள் எப்போதாவது தாழ்வாக நடத்தப்பட்டதுண்டா என்று கதவைத் திறந்தவரிடம் விசாரித்து, அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அதே இருவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளாமல் வாதங்களை மட்டும் அடுக்கிய உரையாடல்களால் பலன் ஏதும் தெரியவில்லை. அப்படிப் பார்த்தால், உங்கள் தன்னார்வலர் வேண்டாம் என்று தடுத்த அந்தச் 'சொந்தக் கதை'தான் வேலை செய்யும் மருந்து.

நாற்காலி விஷயமும் சின்ன விஷயம் இல்லை. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொல்லிவிட்டார்: பழகினால் மட்டும் போதாது, பழகும் இடத்தில் இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும். ஒருவர் உட்கார, பலர் நின்று விசாரித்தால் அதில் என்ன சமநிலை இருக்கிறது?

ஒதுக்கப்பட்டவர்தான் ஒவ்வொரு முறையும் தன் காயத்தைத் திறந்து காட்ட வேண்டும், ஒதுக்கியவர் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது எந்த நியாயம்? அலுவலகம், கல்லூரி என்று எங்கே பார்த்தாலும் இப்போது இதுதான் நடக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் யாரையாவது அழைத்து அழ வைக்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுதுகிறார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் மனம்விட்டுப் பேசினார்கள் என்று எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அழைக்கப்பட்டவர் மறுநாள் எப்படி இருந்தார் என்று விசாரிக்கவும் ஆள் இல்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் இப்படி மனிதர்களையே புத்தகங்களாக வைக்கும் முதல் 'மனித நூலகம்' நடந்தபோது 4 நாட்கள், நாளுக்கு 8 மணி நேரம் திறந்து வைத்திருந்தார்கள். அத்தனை நேரம் உங்களிடம் இல்லை என்பது புரிகிறது. ஒரு சந்திப்புக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒருவர் முன்னால் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போடுங்கள். கேட்க வந்தவர் தன் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தயவுசெய்து மணி அடிக்காதீர்கள். அவரையும் பேச விடுங்கள்.

அந்த இளைஞரின் பெயர் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அவருக்குச் சம்மதம் என்றால் அடுத்த முறை மறுபடி அழையுங்கள். இத்தனைக்குப் பிறகும் என் தோழி வரத் தயாராக இருக்கிறார். மேலே சொன்னவற்றைச் செய்ய முடியுமா என்று அடுத்த அழைப்பை அனுப்பும் முன் எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
அன்று அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த தோழி