வயரைப் பிடுங்கச் சொன்ன ஆச்சிக்கு

கடந்த 3 நாட்களாக நம் பால் மையங்களின் எடை இயந்திரங்களுடைய அழைப்புகளை ஏற்கும் என் கணினிச் சேவை அடிக்கடி நின்றுபோய், லிட்டர் கணக்கைக் கையால் எழுத வேண்டியதானதையும், பணம் தாமதமானதையும் நீங்கள் அனைவரும் உடனிருந்து பார்த்தீர்கள். நேற்றிரவு முதல் சேவை நிற்காமல் ஓடுகிறது.

முதல் நன்றி, பாளையங்கோட்டையில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆச்சிக்கு. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் நாள் நள்ளிரவில் என் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துச் சுக்குக் காப்பியோடு இறங்கி வந்து, "என்னளா பண்ணுத?" என்று கேட்டார். மையங்களின் எடை இயந்திரங்களுடைய அழைப்புக்காக ஒரு போர்ட்டில் (கணினிக்கு அழைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலில்) காத்திருக்கும் பின்னணிச் சேவை அது என்றும், அழைப்பு வந்ததும் ஃபோர்க் செய்து, அதாவது ஓடும் நிரல் தன்னைப் போலவே ஒரு நகலை உருவாக்கி, அந்த நகலான பிள்ளைச் செயல்முறையிடம் அதை ஒப்படைத்துவிட்டுத் தாய்ச் செயல்முறை அடுத்த அழைப்புக்குத் திரும்பிவிடும் என்றும், சில மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு எவரையும் ஏற்க மறுக்கிறது என்றும் சொன்னேன். சற்று யோசித்தவர், "பேசி முடிச்ச பொறவு வயரைப் பிடுங்குதியா?" என்றார். பழைய தொலைபேசி சுவிட்ச் போர்டில் வயர்கள் அளவோடுதான் இருக்குமாம். பேச்சு முடிந்தும் பிடுங்காமல் விட்டால் அடுத்தவரை இணைக்க வயர் மிஞ்சாதாம்.

என் பிழையும் அதுவே. ஃபோர்க் செய்ததும் அந்த அழைப்பின் சாக்கெட், அதாவது இணைப்பின் நம் பக்க முனை, தாயிடமும் பிள்ளையிடமும் திறந்தே இருக்கும். பிள்ளை தன் வேலையை முடித்து மூடினாலும், தாயும் மூடாதவரை இணைப்பு முடிவதில்லை. மறுமுனையில் இயந்திரம் காத்துக்கொண்டே நிற்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு செயல்முறை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் கோப்புகளும் சாக்கெட்டுகளும் சேர்ந்து 1024 என்பதே வழக்கமான வரம்பு. அதைத் தொட்டதும் புதிய அழைப்புகளுக்கு இடமில்லாமல் போனது. பிழைச் செய்திகளை எல்லாம், வந்ததை விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குத் திருப்பிவிட்டிருந்ததால் இரண்டு நாள் எனக்கு எதுவும் தெரியவில்லை. தாயின் பக்கத்தில் சாக்கெட்டை மூடும் ஒரே ஒரு குளோஸ் வரி சேர்த்தேன், அவ்வளவுதான்.

சேரன்மாதேவி, முக்கூடல், களக்காடு மையங்களில் லிட்டர் கணக்கை நோட்டில் கையால் எழுதிக் காத்தவர்களுக்கும், அதைத் தட்டச்சு செய்து தந்த தோழியருக்கும், பணம் தாமதமானதைப் பொறுத்துக்கொண்ட பால்காரர்களுக்கும் என் வணக்கம். இனி அழைப்பை ஏற்கும் அக்செப்ட் வரியை எழுதும்போதே மூடும் வரியையும் எழுதுவேன். கணினியின் பதிவேடான சிஸ்லாகில் பதிவு செய்யாத எந்தச் சேவையையும் பின்னணிக்கு அனுப்ப மாட்டேன்.

ஆச்சி, உங்கள் போர்டில் மொத்தம் எத்தனை வயர்கள் இருந்தன என்று கேட்க மறந்துவிட்டேன். இன்று மாலை மாடிக்கு வருகிறேன். காப்பி நான் கொண்டுவருகிறேன்.