காளி போட்டுக் காலியான லேப்: எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அக்காவுக்கும், தலைமையாசிரியர் ஐயாவுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவர்களுக்கும், பெங்களூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு வாட்ஸாப்பில் மட்டும் பள்ளிக்கூடம் வரும் என் செட்டு நண்பர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை கூட்டத்தில் என் முறை வந்தபோது மணி ஒன்றரை. உள்ளே பசி, வெளியே வேலூர் வெயில். "சுருக்கமா சொல்லுப்பா" என்றீர்கள். சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லாததால் உட்கார்ந்துவிட்டேன். நம் லேப் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக எந்த லினக்ஸ் போடுவது என்பது பற்றி அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட 14 கம்ப்யூட்டர்கள் நமக்கு வந்திருக்கின்றன. எதுவும் உடைந்ததல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துபோனது. விண்டோஸ் 11 போடலாமென்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையா என்று கேட்கிறது. நமக்கு வந்ததில் ஒன்பது மெஷின் மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். மீதி ஐந்து அதற்கும் மூத்த கோர் 2 டுயோ, 2 ஜிபி. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். சாமி விஷயத்தை 1981இல் கோட்டைக் கோயிலில் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துச் சரிசெய்துவிட்டோம். காலியான அந்த இடத்தில் அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரை உட்கார வைத்துவிட வேண்டாம்.

லினக்ஸ் போடலாம் என்று முடிவெடுத்தீர்கள், சந்தோஷம். எந்த லினக்ஸ் என்று கேட்டதும்தான் சந்தை கூடிவிட்டது. ஒரு தம்பி ஆர்ச் என்றார், இன்னொருவர் ஃபெடோரா என்றார், கடைசி பெஞ்சிலிருந்து காளி என்று ஒரு குரல். பிடிஏ பொருளாளர், "கவர்மென்டே பாஸ் லினக்ஸ் குடுத்துச்சே, அது இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அவருடையதுதான் அன்றைக்கு நல்ல கேள்வி. அதற்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் தெரியாத பெற்றோருக்காக ஒரு வார்த்தை. லினக்ஸ் என்பது 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல், அதாவது மெஷினை இயக்கும் உள்கரு. அதைத் தறிக்குப் போகும் நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியாத்தத்தில் ஒரே நூலை வாங்கிப்போய் ஆளுக்கொரு தறியில் ஆளுக்கொரு கட்டம் போட்டு லுங்கி நெய்கிற மாதிரி, அந்தக் கெர்னலை எடுத்து, மேலே மெனு, எழுதும் மென்பொருள், பிரவுசர் எல்லாம் சேர்த்துக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோ. நூல் ஒன்றுதான். யார் கட்டப்போகிறார்கள், வயலுக்கா கல்யாணத்துக்கா என்பதுதான் கேள்வி.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் பழைய லேபில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. இன்ஜினியரிங் படித்த ஒரு தம்பி, நல்ல பையன், ஆர்வத்தோடு வந்து ஆறு மெஷினில் காளி லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். கறுப்புத் திரையில் டிராகன் படம், பசங்களுக்கு ஒரே குஷி. காளி என்பது டெபியன் மேல் கட்டப்பட்டது, நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதிக்கிற தொழில்காரர்களுக்காக. லினக்ஸ் பழகாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதைத் தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, போய்விட்டார். பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. ஒரு நாள் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், மூன்று மெஷின் கறுப்புத் திரையோடு நின்றது. டீச்சர் என்னைக் கூப்பிட்டபோது மானிட்டர்மேல் சாக்பீஸ் தூசி படிந்திருந்தது, ஒரு கீபோர்டுக்குள் பல்லி முட்டை இருந்தது. காளி போட்டு லேப் காலி என்று பசங்களே சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் உருவாக்கியது, அதுவும் டெபியன் வழி வந்ததே, தமிழ் வசதியோடு. என் கடைக்கு வந்த மடிக்கணினிகளில் நான் செய்த முதல் வேலை அதை அழிப்பதுதான். "இடத்தை அடைக்குதுண்ணே" என்பார்கள், நானும் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் அடித்துக் கொடுப்பேன். பொருளாளர் அண்ணே, நீங்கள் கேட்டதற்கு விடை இதுதான். பொருளில் குறை இருந்ததாக நான் பார்க்கவில்லை. அதைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை, அழித்துக் கொடுக்க மட்டும் நான் இருந்தேன். பக்கத்துக் கேரளாவில் பள்ளிகளுக்கென்று உபுண்டுவை வைத்துத் தங்களுக்கு ஏற்ற ஒரு லினக்ஸைத் தயாரித்து, ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி கொடுத்து, பாடத்தையும் அதிலேயே நடத்துகிறார்கள். அங்கே யாரும் அதைத் தூக்கி எறியவில்லை.

ஆக, நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. எந்த டிஸ்ட்ரோ பெரியது என்று பட்டிமன்றம் நடத்தாமல், திங்கட்கிழமை காலை மெஷின் கிளம்பவில்லை என்றால் யார் பார்ப்பார்கள் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். நம் பள்ளியில் பார்க்கப்போவது கம்ப்யூட்டர் டீச்சரும், இரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளும், காட்பாடியிலிருந்து வண்டியெடுத்து வரும் நானும்தான்.

இப்படிப் பார்த்தால் ஆர்ச் தானாகவே கழன்றுவிடும். அது ரோலிங் முறை. பதிப்பு என்று ஒன்று கிடையாது, புதுசு வந்துகொண்டே இருக்கும், நாமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தன் மெஷினைத் தானே கட்டிப் பழக நினைப்பவனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. என் அக்கா பையன் அதில்தான் இருக்கிறான், அவன் மாதிரி ராத்திரி இரண்டு மணிவரை முழித்திருக்க டீச்சரால் முடியாது. ஃபெடோரா தரமான பொருள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. வருஷா வருஷம் வாடகை வீடு மாறுகிற குடித்தனம் நமக்கு வேண்டாம்.

மிச்சம் இருப்பவை உபுண்டு, மின்ட், டெபியன். உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பு, அதாவது நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து வருஷம் தாங்கும். 2024 ஏப்ரலில் வந்த 24.04க்கு 2029 வரை கவலையில்லை. இன்னொரு காரணமும் உண்டு, இதைக் கூட்டத்தில் யாருமே சொல்லவில்லை. பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடப் புத்தகத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. பிள்ளைகள் அதைப் படத்தில் மட்டும் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள்.

அப்படியானால் உபுண்டுவே போடலாமே என்பீர்கள். முன்னே அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். நம் 4 ஜிபி மெஷினில் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் மூச்சு வாங்குகிறது. அதனால் என் யோசனை லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரையமைப்போடு வரும் பதிப்பு. மின்ட் 22 உபுண்டு 24.04 மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது, அதுவும் 2029 வரை. உபுண்டுவின் டெர்மினல் கட்டளைகள், அதாவது எழுத்தில் தட்டிக் கொடுக்கும் உத்தரவுகள், இதிலும் அப்படியே ஓடும். பிளஸ் டூவுக்குப் பைத்தான் தயாராக உள்ளே இருக்கிறது. பிளஸ் ஒன்னுக்கு வேண்டிய சி++ கம்பைலரை ஒரு வரி கட்டளையில் ஏற்றிவிடலாம். கீழே இடது மூலையில் மெனு இருப்பதால் விண்டோஸ் பழகிய டீச்சருக்குக் கை தடுமாறாது. புத்தகப் படத்தோடு ஒத்துப்பார்க்க டீச்சர் மேசை மெஷின் ஒன்றில் மட்டும் உபுண்டு போட்டு வைப்போம். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒரு வசதி உண்டு. மெஷின் நன்றாக இருந்த நாளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏதாவது கெட்டுப்போனால் அந்த நாளுக்கே திரும்பிப் போகலாம். நம் கரண்ட்டுக்கு இது அவசியம்.

டெபியனை நான் மதிக்கிறேன், என் கடை பில்லிங் மெஷினில் அதுதான். ஆனால் பிரிண்டர், வைஃபை என்று வரும்போது மின்ட்டில் மவுசால் முடிகிற வேலை சிலவற்றுக்கு டெபியனில் ஒரு படி அதிகம் ஏற வேண்டும். நான் ஊரில் இல்லாத நாளில் அந்த ஒரு படிதான் பிரச்சினை.

அந்த ஐந்து கிழ மெஷின்களைப் பற்றி. கோர் 2 டுயோ 64 பிட்தான், மின்ட் ஏறும். 2 ஜிபி என்பது மின்ட் கேட்கும் குறைந்தபட்சம், அவ்வளவுதான். பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் மாதிரி இன்னும் லேசானவை இருக்கின்றன. வேகமாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை இன்றைக்கு ஒரு முகத்தையும் நாளைக்கு இன்னொரு முகத்தையும் பார்த்தால் குழம்பும். எல்லாவற்றிலும் ஒரே மின்ட் போட்டு, இந்த ஐந்திலும் பிரவுசரைத் தொடாமல் டைப்பிங், படம் வரைய டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டு, பைத்தான் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் இருக்கும் 32 பிட் பென்டியம் 4ஐ விட்டுவிடுங்கள். டெபியன் 13கூட 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. அதைத் திறந்து வைத்து ராம் எது, ப்ராசஸர் எது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

முன்னாள் மாணவர்களே, பணம் கொடுக்கிறோம் என்றீர்கள். புது மானிட்டர் வாங்க வேண்டாம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதாவது பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம், வாங்கிக் கொடுங்கள். எந்த டிஸ்ட்ரோவும் தராத வேகத்தை அது தரும். குடும்பத்தோடு ஆம்பூர் போய்ப் பிரியாணி சாப்பிட்டுத் திரும்புகிற செலவுதான் ஒன்றுக்கு.

தமிழ் வருமா என்று தமிழம்மா கேட்டார்கள். போன வாரம் ஒரு மெஷினில் மின்ட்டை பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் மென்பொருள்களை ஏற்றி, தமிழ்99 விசைப்பலகை வைத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்தேன். "கணினி" என்று அடிக்கச் சொன்னேன். எச் தட்டினாள், க வந்தது. பி தட்டினாள், ண. எஸ் தட்டியதும் ண திரும்பி ணியாக மாறியதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டாள். "இன்னாண்ணா, தானா மாறுது!" ஐ, எஸ், முடிந்தது. ஐந்து தட்டு. பிறகு அவள் பெயரை அடித்தாள், அவள் அம்மா பெயரை அடித்தாள், மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தமிழம்மா, உங்கள் வினாத்தாள் பழைய வானவில் எழுத்துருவில் இருக்கிறது, அதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதை நானே செய்து தருகிறேன்.

தலைமையாசிரியர் ஐயா, ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரில் கைவைக்க வேண்டாம். மாணவர் விவரம் ஏற்றும் அரசின் எமிஸ் தளம் பிரவுசரில் ஓடுவது, அதற்கு எதுவும் சரி. ஆனால் உங்கள் கிளார்க்கின் வானவில் கோப்புகளும், அந்தப் பிரிண்டரும் விண்டோஸிலேயே இருக்கட்டும். எந்த ஜெராக்ஸ் கடையிலும் கண்ணில் படுகிற குட்டி லேசர் வகை அது, அதன் லினக்ஸ் டிரைவரோடு நான் இரண்டு ராத்திரி மல்லுக்கட்டித் தோற்றிருக்கிறேன். அரசு கொடுத்த ஹைடெக் லேப் மெஷின்களையும் தொடக்கூடாது, அவை நமக்குச் சொந்தமல்ல.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறேன். முதல் நாள் எதையும் அழிக்கமாட்டேன். பென்டிரைவிலிருந்தே ஒவ்வொரு மெஷினையும் கிளப்பி, வைஃபை, சத்தம், கீபோர்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதுவேன். டீச்சரும் இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க வேண்டும், பதினான்கில் குறைந்தது பத்து மெஷினிலாவது அவர்கள் கையால்தான் லினக்ஸ் ஏற வேண்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கவரில் ஒட்டி, தலைமையாசிரியர் பீரோவில் வையுங்கள், எனக்கு ஒரு நகல்கூட வேண்டாம்.

லேப் சாவி வாட்ச்மேன் தாத்தாவிடமா, ஸ்டாஃப் ரூமிலா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன தடவை பூட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன்.

இப்படிக்கு,
காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உங்கள் பழைய மாணவன்