கடலில் சேர்ந்தால் வீணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் வந்தாலே நம் மாவட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: 'இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் போய்ச் சேருகிறதே!' கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. இரண்டையும் அனுப்பி வைப்பதே அந்தக் கடல்தானே. உலகில் ஆவியாகும் நீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கடலிலிருந்துதான் எழுகிறது.

நம்பாதவர்கள் வெயில் காலத்தில் சாமித்தோப்பு உப்பளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். பாத்தியில் கட்டிய உப்புநீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். கடலிலும் தண்ணீர்தான் மேலே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அதனால்தான் மழை கரிப்பதில்லை. அந்த ஆவி சராசரியாக ஒன்பது பத்து நாள்தான் காற்றில் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்தால் மேகம், மழை. அப்புறம் கோதையாறு, பேச்சிப்பாறை அணை, கால்வாய், குளம். பழையாற்றில் மிஞ்சியது மணக்குடியில் கடல் சேரும். அந்த நன்னீரும் வராவிட்டால் காயல் மீனுக்குக் கஷ்டம், கரையோரக் கிணறுகளில் உப்பும் ஏறும்.

வீணாவது வேறு இடத்தில். எங்கள் ஊர்க் குளத்தின் ஒரு மூலையில் மண் கொட்டி மனை போட்டிருக்கிறார்கள். வரத்துக் கால்வாய் முழுக்கப் பிளாஸ்டிக். பெய்த மழை அன்றைக்கே ரோட்டில் ஓடிப்போனால் நிலத்தடிக்கு எப்படி இறங்கும்? ஐப்பசிக்கு முன்பாவது கால்வாயைத் தூர்வாரித் தர வேண்டும். சரி, அந்த மூலையையும் ஒருதரம் அளந்து பார்த்தால் நல்லது.

- ஒரு வாசகர், நாகர்கோவில்